மதர்போர்டு கெட்டால் பழி யார் மேல்?



சிலேட்டுப் பலகையைப் பற்றி எழுதியபோது, "டீச்சர், அடுத்து கம்ப்யூட்டர் பலகையைப் பற்றி எழுதுங்க" என்று ஒருவர் கேலியாகப் போட்டிருந்தார். கேலிக்குக் கேட்டாலும் கேள்வி கேள்விதான். வகுப்பில் எந்தக் கேள்வியையும் நான் தள்ளிவிட்டதில்லை, இதையும் தள்ளவில்லை. கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் இறக்கிவிட்டு வந்து படியுங்கள்.

நான் ஆசிரியப் பயிற்சி முடித்து எட்டாம் வகுப்பு வரை பாடம் எடுத்தவள். மின்னணுவியல் எனக்குப் பட்டப்படிப்பு கிடையாது. ஓய்வு பெற்ற பிறகு நானாகப் படித்ததும், கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவரின் கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்ததும்தான் என் மூலதனம். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ரேடியோ படம் வரைந்து என்னிடம் திட்டு வாங்கியவர் அவர். இப்போது பாடம் நடத்துவது அவர், நோட்டு எடுப்பது நான்.

முதலில் சொல்லுக்குப் பொருள். பிராசஸர், நினைவகம், வன்தட்டு எல்லாவற்றையும் தாங்கி, அவற்றுக்கு மின்சாரம் பங்கிட்டு, ஒன்றோடொன்று பேச வைக்கும் பெரிய பச்சைப் பலகைதான் மதர்போர்டு. அதில் ஒரு குவார்ட்ஸ் படிகம் இருக்கும். பி.டி. வாத்தியார் விசில் ஊத ஊதப் பிள்ளைகள் கால் எடுத்து வைப்பது போல, அந்தப் படிகத்தின் துடிப்புக்கு ஏற்பத்தான் பலகையில் எல்லா வேலையும் நடக்கும். வினாடிக்குப் பத்து லட்சம் துடிப்பு என்றால் 1 மெகாஹெர்ட்ஸ். கம்பெனி குறித்துக் கொடுத்த அளவைவிட வேகமாக விசில் ஊதுவதற்குத்தான் ஓவர்கிளாக் என்று பெயர். பிள்ளைகள் கால் எடுத்து வைக்கும் வரை அணிவகுப்பு அழகு. கால் இடறினால் வரிசையே குலையும்.

இந்த வேலை எப்போது தொடங்கியது? 1984இல் ஐபிஎம் நிறுவனம் பிசி ஏடி என்ற கணினியை வெளியிட்டது. அதில் இன்டெல் 80286 பிராசஸர் 6 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. பலகையில் இருந்த படிகம் 12 மெகாஹெர்ட்ஸ், அதில் பாதிதான் பிராசஸருக்குப் போகும். விஷயம் தெரிந்தவர்கள் அந்தப் படிகத்தைக் கழற்றிவிட்டு 16 மெகாஹெர்ட்ஸ் படிகத்தை மாட்டினார்கள். கணினி 8 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. ஒரு சிறு பொருளின் விலையில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வேகம்.

ஐபிஎம்முக்கு இது பிடிக்கவில்லை. பிறகு வந்த ஏடி கணினிகளில், தொடங்கும்போதே வேகத்தைச் சோதித்து, கூடுதலாக இருந்தால் அப்படியே நின்றுவிடும்படி பயாஸ் நிரலை மாற்றிவிட்டது. 1986இல் தானே 8 மெகாஹெர்ட்ஸ் ஏடியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. வாங்கியவர் தானாகச் செய்தபோது கூடாது என்ற அதே வேகம், கம்பெனி விற்றபோது புதிய மாடல் ஆயிற்று. இந்த இழுபறி அடுத்த நாற்பது ஆண்டும் தொடர்ந்தது.

கம்பெனி குறிப்பதைவிட வேகமாக ஒரு சில்லு எப்படி ஓடும் என்று கேட்பீர்கள். செங்கல் சூளையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே மண், ஒரே நெருப்பு. ஆனாலும் எடுத்த பிறகு முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரிப்பார்கள். சில்லுகளும் அப்படித்தான். ஒரே தட்டில் பிறந்தவற்றைச் சோதித்து, இது இத்தனை மெகாஹெர்ட்ஸ் என்று முத்திரை குத்துகிறார்கள். ஊரில் இரண்டாம் தரச் செங்கல்லுக்குத்தான் கிராக்கி என்றால் சூளைக்காரர் என்ன செய்வார்? முதல் தரத்தில் கொஞ்சம் எடுத்து இரண்டாம் தரம் என்று சொல்லி விற்பார். வாங்கியவருக்கு யோகம்.

1990களில் மதர்போர்டில் ஜம்பர் என்ற சின்னஞ்சிறு பிளாஸ்டிக் தொப்பிகள் இருக்கும். எந்தக் கம்பி முனையில் மாட்டுகிறோமோ அதைப் பொறுத்து வேகம் மாறும். இதை நல்லவர்களும் பயன்படுத்தினார்கள், திருடர்களும் பயன்படுத்தினார்கள். குறைந்த வேகப் பென்டியத்தின் மேல் இருந்த எழுத்தைச் சுரண்டிவிட்டு, அதிக வேகம் என்று அச்சடித்து விற்ற மோசடி பல நாடுகளில் நடந்தது. அதைத் தடுக்கவே பிராசஸரின் பெருக்கெண்ணைப் பூட்டுகிறோம் என்று இன்டெல் சொன்னது. அந்தக் காரணம் உண்மைதான். விலை குறைந்த சில்லு விலை கூடிய சில்லோடு போட்டி போடாமல் இருக்கவும் அந்தப் பூட்டு உதவியது என்பதும் உண்மைதான்.

பெருக்கெண் என்றால் என்ன? மதர்போர்டின் துடிப்பை எத்தனை மடங்காகப் பிராசஸர் எடுத்துக்கொள்கிறது என்பது. 66 மெகாஹெர்ட்ஸ் பலகை, பெருக்கெண் 4.5 என்றால் ஏறத்தாழ 300. பெருக்கெண்ணைப் பூட்டிவிட்டார்கள். மீதி இருப்பது எது? பலகையின் துடிப்பு! பூட்டு பிராசஸரில், சாவி மதர்போர்டில். இதைப் புரிந்துகொண்டால் இனி வரும் கதை முழுவதும் புரிந்துவிடும்.

தைவான் நாட்டில் 1989இல் தொடங்கிய ஏபிட் என்ற நிறுவனம்தான் அந்தச் சாவியை எல்லார் கையிலும் கொடுத்தது. ஜம்பர் தேவையில்லை, திரையில் பட்டியலைப் பார்த்து விசைப்பலகையாலேயே வேகத்தை மாற்றலாம் என்று சாஃப்ட்மெனு என்ற வசதியைப் பயாஸில் வைத்தார்கள். 1998இல் இன்டெல் 440பிஎக்ஸ் என்ற சிப்செட்டைக் கொண்டு வந்தது. அது 100 மெகாஹெர்ட்ஸ் துடிப்புக்காகவே வடிவமைக்கப்பட்டது. அதை வைத்து ஏபிட் செய்த பிஎச்6 என்ற மதர்போர்டில் துடிப்பையும் மாற்றலாம், பிராசஸருக்குப் போகும் வோல்டேஜையும் திரையிலேயே கூட்டலாம்.

அதே 1998 ஆகஸ்டில் இன்டெல் செலரான் 300ஏ என்ற மலிவு விலைப் பிராசஸரை வெளியிட்டது. முதலில் வந்த செலரானில் இரண்டாம் நிலை கேஷ் நினைவகம் இல்லாததால் யாரும் மதிக்கவில்லை. அதனால் 300ஏ மாடலில் 128 கிலோபைட் கேஷைச் சில்லுக்குள்ளேயே, சில்லின் முழு வேகத்தில் ஓடும்படி வைத்தார்கள். விலை உயர்ந்த பென்டியம் 2 பிராசஸரில் 512 கிலோபைட் இருந்தது, ஆனால் அது வெளியே தனிச் சில்லுகளில், பாதி வேகத்தில் ஓடியது. ஏழை வீட்டுப் பிள்ளையின் பை சின்னது, ஆனால் தோளிலேயே தொங்குகிறது. பணக்கார வீட்டுப் பிள்ளையின் பை பெரியது, அடுத்த அறையில் இருக்கிறது.

இப்போது கணக்கு. 66க்குப் பதில் 100 வைத்தால் 100 × 4.5 = 450. அன்றைக்குக் கடையில் கிடைத்த மிக வேகமான பென்டியம் 2 பிராசஸரின் வேகமும் 450தான். அதன் அறிமுக விலை 669 டாலர். செலரான் 300ஏ 149 டாலர். கால்வாசி விலைகூட இல்லை. பெரும்பாலான 300ஏ சில்லுகள் இந்த 450ஐத் தாங்கின. சில பலகைகள் பிராசஸரைப் பார்த்துத் தானாகவே 66ஐத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். அந்தப் பலகை வைத்திருந்தவர்கள் பிராசஸர் அட்டையின் பி21 என்ற முனையின் மேல் சின்ன டேப்பை ஒட்டி, பலகையை 100 என்று நம்ப வைத்தார்கள்.

பென்சில் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2000ஆம் ஆண்டு ஏஎம்டி நிறுவனத்தின் டியூரான், தண்டர்பேர்டு பிராசஸர்களில் பெருக்கெண்ணைப் பூட்டச் சில்லின் மேற்பரப்பில் எல்1 என்ற நுண்ணிய இணைப்புகளைத் துண்டித்து வைத்திருந்தார்கள். பென்சிலின் கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும் என்று ஏழாம் வகுப்பில் சோதனை செய்து காட்டினேனே, ஞாபகம் இருக்கிறதா? அந்தத் துண்டிப்பின் மேல் பென்சிலால் கோடு போட்டார்கள். பூட்டுத் திறந்துகொண்டது.

இதுவரை லாபக் கணக்கு. நஷ்டக் கணக்கையும் எழுதினால்தான் பேரேடு முழுமையாகும்.

முதல் நஷ்டம் சூடு. சில்லு எடுக்கும் மின்திறன், வேகத்தோடு நேர்விகிதத்திலும் வோல்டேஜின் வர்க்கத்தோடு நேர்விகிதத்திலும் கூடும். 300இலிருந்து 450க்குப் போனால் 1.5 மடங்கு. நிலையாக ஓடவேண்டும் என்று 2.0 வோல்ட்டை 2.2 ஆக்கினால் 1.1 × 1.1 = 1.21 மடங்கு. இரண்டையும் பெருக்குங்கள். ஏறத்தாழ 1.8 மடங்கு. வேகம் பாதி கூடியது, சூடு முக்கால் பங்குக்கு மேல் கூடியது. அந்தச் சூட்டையும் மின்னோட்டத்தையும் சுமப்பது பிராசஸர் மட்டும் இல்லை. அதற்கு மின்சாரம் பங்கிடும் மதர்போர்டும் சுமக்கிறது.

இரண்டாவது நஷ்டம் பலருக்குத் தெரியாதது. பலகையின் துடிப்பைக் கூட்டினால் அதைப் பங்கு போட்டு வாங்கும் மற்ற பகுதிகளும் வேகம் பிடிக்கும். வன்தட்டும் மற்ற அட்டைகளும் பேசும் பிசிஐ பாதைக்கு 33 மெகாஹெர்ட்ஸ்தான் அளவு. பலகை 66 என்றால் இரண்டால் வகுத்து 33. பலகை 100 என்றால் மூன்றால் வகுத்து 33. இரண்டும் சரி. ஆனால் "100 வேண்டாம், பயமாக இருக்கிறது, 83 போதும்" என்று ஒருவர் வைத்தால்? இரண்டால் வகுத்தால் 41.5. வன்தட்டில் எழுதும் தகவலே பிழையாகிவிடும் அபாயம் இருந்தது. குறைவாகக் கூட்டியவர் நஷ்டப்பட, நிறையக் கூட்டியவர் தப்பித்தார். பயந்து பாதி வழியில் நின்றால் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். கணக்குத் தெரியாவிட்டால் பாதி வழியும் பள்ளம்தான்.

மூன்றாவது நஷ்டம் கண்ணுக்குத் தெரியாத பிழை. கணினி ஓடும், படம் தெரியும், ஆனால் என்றைக்கோ ஒரு கூட்டல் தப்பாக வரும். பகா எண்களைத் தேடும் உலகளாவிய திட்டம் ஒன்று 1996இல் தொடங்கியது. அதன் பிரைம்95 என்ற நிரலில் விடை தெரிந்த பெரிய கணக்குகளைக் கொடுத்து, வரும் விடையைச் சரிபார்க்கும் சோதனை உண்டு. ஓவர்கிளாக் செய்தவர்கள் இதை மணிக்கணக்கில் ஓடவிட்டுத்தான் தங்கள் கணினி தேறியதா என்று பார்த்தார்கள். 2011இல் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர்கள் ஏறத்தாழ பத்து லட்சம் கணினிகளின் பழுதுப் பதிவுகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஓவர்கிளாக் செய்த கணினிகள் பிராசஸர் கோளாறால் முடங்கும் வாய்ப்பு பல மடங்கு அதிகம் என்று அதில் தெரிந்தது. குறித்த அளவைவிடச் சற்றுக் குறைவாக ஓடியவை இன்னும் குறைவாகவே முடங்கின.

ஆகவே வேகம் கூட்டினால் ஆபத்து உண்டு. இதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் "மதர்போர்டு கெட்டுவிட்டது, யாரோ நோண்டியிருக்கிறார்கள்" என்று உடனே தீர்ப்புச் சொல்வது வேறு விஷயம். அங்கேதான் என் உண்மையான பாடம் தொடங்குகிறது.

1999இல் ஏபிட் பிபி6 என்ற மதர்போர்டைக் கொண்டு வந்தது. மலிவான செலரான்களில் இரண்டை ஒரே பலகையில் போடலாம். இரட்டைப் பிராசஸர் வசதியை இன்டெல் விலை உயர்ந்த சில்லுகளுக்கு என்று வைத்திருந்தது. பிபி6 அதை எளியவர் வீட்டுக்குக் கொண்டு வந்தது. அதில் இரண்டையும் ஓவர்கிளாக் செய்து ஓட்டியவர்கள் ஏராளம். சில ஆண்டுகளில் அந்தப் பலகைகள் திடீர் திடீரென்று நின்றுபோகத் தொடங்கின. ஓவர்கிளாக் செய்தவன் செய்த வினை என்று சொல்வது சுலபமாக இருந்தது. திறந்து பார்த்தால், பிராசஸரைச் சுற்றி நிற்கும் உருளை வடிவக் கெபாசிட்டர்களின் தலை உப்பியிருந்தது. சிலவற்றில் பழுப்பு நிறத் திரவம் வழிந்திருந்தது.

நம் பாடப்புத்தகம் மின்தேக்கி என்று சொல்லும் பொருள்தான் கெபாசிட்டர். வீட்டு மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி போல. குழாயில் தண்ணீர் விட்டுவிட்டு வந்தாலும் தொட்டி இருந்தால் கீழே சீராக வரும். பிராசஸருக்கு மின்சாரம் சீராகப் போகக் கெபாசிட்டர்தான் காரணம். அதன் உள்ளே அலுமினியத் தகடும் காகிதமும் சுருட்டி, மின்பகு திரவத்தில் நனைத்து வைத்திருப்பார்கள். விலை குறையவும் செயல்திறன் கூடவும் அந்தத் திரவத்தில் நீரின் அளவைக் கூட்டினார்கள். நீரும் அலுமினியமும் வினைபுரிந்தால் ஹைட்ரஜன் வாயு வரும். அதைத் தடுக்கச் சரியான வேதிப்பொருளைச் சரியான அளவில் சேர்க்கவேண்டும். சேர்க்காவிட்டால் உள்ளே வாயு சேரும். தலையில் இருக்கும் சிலுவைக் கீறல் அந்த அழுத்தம் வெளியேறத்தான். உப்பி, வெடித்து, திரவம் கசிந்துவிடும்.

1990களின் கடைசி ஆண்டுகளிலிருந்து ஏறத்தாழ 2007 வரை உலகம் முழுவதும் கோடிக்கணக்கான பலகைகளில் இப்படிப்பட்ட கெபாசிட்டர்கள் போய்ச் சேர்ந்தன. ஆங்கிலத்தில் இதற்குக் கொள்ளைநோய் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஜப்பானிய நிறுவனத்திலிருந்து விலகிய ஒரு விஞ்ஞானியின் வழியாகத் திரவக் கலவையின் சூத்திரம் வெளியே போனது என்றும், அது தைவானுக்கு அரைகுறையாகப் போய்ச் சேர்ந்தது என்றும் 2002, 2003இல் பத்திரிகைகள் எழுதின. துப்பறியும் கதை போல இருப்பதால் எல்லாரும் அதையே திரும்பச் சொல்கிறார்கள். ஆனால் பின்னால் பெரிய அளவில் பழுதான ஒரு தொகுதியில் இருந்தவை ஜப்பானிய நிறுவனத்தின் கெபாசிட்டர்கள். ஆகவே திருடிய சூத்திரம் ஒன்றே எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்ல முடியாது. பாதிக்கப்பட்ட மதர்போர்டு நிறுவனங்களில், கெபாசிட்டர் கோளாறை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது ஏபிட்தான் என்று அந்நாளைய செய்திகள் சொல்கின்றன. அந்த நேர்மைக்காக அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

அந்தப் பெரிய தொகுதி டெல் நிறுவனத்தின் ஆப்டிபிளெக்ஸ் கணினிகள். பள்ளிகளும் அலுவலகங்களும் வாங்கியவை. யாரும் ஓவர்கிளாக் செய்யாதவை. 2005இல் டெல் இந்தப் பழுதுகளுக்காக 300 மில்லியன் டாலர் ஒதுக்கியது. 2010இல் ஒரு வழக்கில் வெளியான ஆவணங்களின்படி, 2003 மே முதல் 2005 ஜூலை வரை விற்ற ஒரு கோடியே 18 லட்சம் கணினிகள் இந்த அபாயத்தில் இருந்தன. அந்தச் செய்தியில் ஒரு தகவலைப் படித்தபோது நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகக் கணிதத் துறையில் கணினிகள் கெட்டபோது, கடினமான கணக்குகளைப் போட்டுக் கணினியை அதிகமாக வேலை வாங்கிவிட்டீர்கள் என்று அந்தத் துறை மேலேயே பழி சொல்லியிருக்கிறார்கள். கணக்குத் துறையில் கணக்குப் போட்டது குற்றமாம்!

இப்போது நம் பள்ளிக்கு வருவோம். 2006இல் எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்கவேண்டும்.

பெற்றோர் ஆசிரியர் கழகமும் ஊர்ப் பெரியவர்களும் சேர்ந்து நம் பள்ளிக்கு ஆறு கணினி வாங்கித் தந்தார்கள். இரண்டு ஆண்டுக்குள் மூன்று கணினி உயிர் விட்டது. விற்ற கடைக்காரர் ஆள் அனுப்பினார். வந்தவர் பெட்டியைத் திறக்கவே இல்லை. "பசங்க கேம் விளையாடியிருக்காங்க, ஓவர் லோடு ஆயிடுச்சு, எங்க பொறுப்பு இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த ஆண்டு எட்டாம் வகுப்புக்குக் கணினி அறை மூடப்பட்டது. மாதச் சொற்பச் சம்பளத்தில் வேலை பார்த்த கம்ப்யூட்டர் டீச்சருக்கு அடுத்த ஆண்டு வேலை இல்லை. கூட்டத்தில், பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் பிள்ளைகள் மேல் பழி போடக்கூடாது என்று நானும் இன்னொரு ஆசிரியரும் சொன்னோம். எடுபடவில்லை. எழுதிக் கொடுத்த காகிதம் அவர்கள் பக்கம் இருந்தது.

பல ஆண்டு கழித்து, பழைய சாமான் அறையைக் காலி செய்தபோது, நான் சொன்ன அந்த சர்வீஸ் கடை மாணவர் அந்த மூன்று பெட்டிகளையும் என் முன்னால் திறந்தார். மூன்றிலும் பிராசஸரைச் சுற்றி வரிசையாக உப்பிய தலைகள். கேம் விளையாடினாலும் விளையாடாவிட்டாலும் அவை சாகப் பிறந்தவை. அவர் சென்னை ரிச்சி தெருவிலிருந்து நல்ல கெபாசிட்டர்கள் வாங்கி வந்து மாற்றினார். இரண்டு கணினி எழுந்து ஓடியது. ஒரு பெட்டிக்கு ஆன செலவு ஒரு ஜோடிச் செருப்பு விலைகூட இல்லை.

போன மாதம் நம் குழுவில் அந்த ஆண்டுப் பிள்ளை ஒருவர், "நாங்கதானே டீச்சர் கம்ப்யூட்டரை உடைச்ச பேட்ச்" என்று சிரிப்புப் படம் போட்டிருந்தார். எல்லாரும் சிரித்தீர்கள். இருபது ஆண்டாக நீங்களே அதை நம்பிக்கொண்டிருக்கிறீர்கள் என்பது எனக்குச் சிரிப்பாக இல்லை. நீங்கள் உடைக்கவில்லை. உங்கள் டீச்சரும் கெடுக்கவில்லை. அந்த டீச்சரின் தொடர்பு யாரிடமாவது இருந்தால் இந்தப் பதிவை அவருக்கு அனுப்புங்கள்.

"அப்படியானால் ஓவர்கிளாக்குக்கு ஒரு பங்கும் இல்லையா?" என்று நுணுக்கமாகக் கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. கெபாசிட்டர் மேல் 105 டிகிரி, 2000 மணி என்று போட்டிருந்தால், அந்தச் சூட்டில் அத்தனை மணிநேரம் தாங்கும் என்று பொருள். பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்களின் பொது விதி. 95இல் 4000, 85இல் 8000, 75இல் 16,000, 65இல் 32,000, 55இல் 64,000. அதாவது 55 டிகிரியில் இரவு பகல் ஓடினாலும் ஏழு ஆண்டுக்கு மேல். ஓவர்கிளாக் செய்து பத்து டிகிரி கூட்டினால் அது பாதியாகும். நல்ல பொருளாக இருந்தால் ஆயுளில் பாதி போனாலும் மூன்றரை ஆண்டு மிச்சம். கலவையே தப்பான பொருளுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. சூடு, சாவை முன்னால் இழுத்தது. சாவை எழுதி வைத்தது தொழிற்சாலை. பிபி6 விஷயத்தில் இரண்டுக்கும் பங்கு உண்டு. நம் பள்ளி விஷயத்தில் முதலாவதுக்குப் பங்கே இல்லை.

பிறகு என்ன ஆயிற்று? மதர்போர்டு நிறுவனங்கள் படிப்படியாகத் திரவக் கெபாசிட்டரை விட்டுவிட்டு, திடப் பாலிமர் கெபாசிட்டருக்கு மாறின. அதில் கசியவும் கொதிக்கவும் திரவமே இல்லை. எல்லாரையும் ஓவர்கிளாக் செய்ய வைத்த ஏபிட்டோ கணக்குவழக்குச் சிக்கலில் மாட்டி, 2006இல் மதர்போர்டுத் தொழிலை வேறு நிறுவனத்துக்கு விற்றது. 2008 முடிவில் அந்தப் பெயரில் மதர்போர்டு வருவது நின்றுபோனது. இன்டெல் 2011இல் பலகையின் துடிப்பை மாற்றும் வழியைக் கிட்டத்தட்ட அடைத்துவிட்டு, கே என்ற எழுத்துப் போட்ட பிராசஸர்களை மட்டும் பூட்டு இல்லாமல் கூடுதல் விலைக்கு விற்றது. 1984இல் குற்றமாக இருந்தது விற்பனைச் சரக்கு ஆகிவிட்டது.

அதற்கும் பிறகு ஒரு திருப்பம். மற்ற பலகையைவிட எங்கள் பலகை வேகம் என்று காட்டிக்கொள்ள, மதர்போர்டு நிறுவனங்களே வாங்குபவருக்குத் தெரியாமல் இயல்பு அமைப்பிலேயே மின்சார வரம்புகளைத் தளர்த்தி வைத்தன. 2023 ஏப்ரலில் ஏஎம்டியின் சில ரைசன் பிராசஸர்கள் பலகையிலேயே கருகின. பிராசஸரின் ஒரு பகுதிக்குப் போகும் வோல்டேஜை 1.3க்கு மேல் போகாமல் கட்டுப்படுத்தும் பயாஸ் அவசரமாக வெளியிடப்பட்டது. 2024இல் இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறைப் பிராசஸர்கள் பல நிலைகுலைந்தன. விளையாட்டைத் திறந்தால் கிராஃபிக்ஸ் நினைவகம் போதவில்லை என்று செய்தி வரும். எல்லாரும் கிராஃபிக்ஸ் அட்டையைத் திட்டினார்கள். குற்றம் பிராசஸரிலும் அதற்குப் போன வோல்டேஜிலும் இருந்தது. மதர்போர்டுகள் வரம்பை மீறி வைத்திருந்தன என்பது முதலில் பேசப்பட்டது. தன் சொந்த மைக்ரோகோடே அளவுக்கு மேல் வோல்டேஜ் கேட்டது என்று ஜூலையில் இன்டெல் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் திருத்தம் தந்தது, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டித்தது. ஏற்கெனவே பழுதான சில்லைத் திருத்தம் குணப்படுத்தாது என்றும் சொன்னது.

பாருங்கள், ஒவ்வொரு முறையும் முதல் பழி யார் மேல் விழுந்திருக்கிறது? பயன்படுத்தியவர் மேல், இல்லாவிட்டால் பக்கத்துப் பொருள் மேல். பெட்டியைத் திறந்து பார்த்த பிறகுதான் உண்மை வெளியே வந்திருக்கிறது. திறக்கச் சொல்லிப் பிடிவாதமாக நின்ற யாரோ சிலரால்தான் வந்திருக்கிறது.

வீட்டில் கணினி வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை. ஓவர்கிளாக் செய்ய ஆசைப்படும் பையனை அடிக்காதீர்கள். ஒரு படியாகக் கூட்டு, ஒவ்வொரு படியிலும் சோதனை ஓட்டு, வோல்டேஜைத் தொடும் முன் படித்துப் பார், முக்கியமான கோப்பை வேறு இடத்தில் நகல் எடுத்து வை என்று சொல்லிக்கொடுங்கள். புதுப் பலகை வாங்கினால் பயாஸில் மின்சார வரம்பு பிராசஸர் கம்பெனி சொன்ன அளவில் இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். 13, 14ஆம் தலைமுறை வைத்திருப்பவர்கள் பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். பரணில் பழைய கணினி கிடந்தால் தூக்கிப்போடும் முன் மூடியைக் கழற்றி கெபாசிட்டர் தலையைப் பாருங்கள். உப்பியிருந்தால் அருகில் நல்ல சால்டரிங் தெரிந்தவரிடம் கொண்டு போங்கள். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுத்தான் திறக்கவேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. இருந்தாலும் டீச்சர் அல்லவா, சொல்லிவிடுகிறேன்.

உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ, செய்யாத குற்றத்துக்குப் பழி சுமந்த கணினியோ மனிதரோ உண்டா? கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றையும் படிப்பேன். அடுத்த ஞாயிறு மைக்கூட்டுப் பேனா.